கிணற்றுத் தோட்டத்துக்கு ஒரு பவர் பத்திரம்

பத்திரம் வந்தேவிட்டது! பினாங்கிலிருந்து கடல் தாண்டி, அரக்கு முத்திரையும் அந்த ஊர் நோட்டரி கையெழுத்துமாக, திருச்செங்கோட்டுப் பக்கத்துச் செம்மண் காட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. சென்னியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? பத்திர எழுத்தர் படித்துச் சொன்ன ஒரு வரி போதாதா? 'என் மனைவி சென்னியம்மாள் எனக்குப் பதிலாக நின்று செய்வதெல்லாம் நானே செய்ததாகும்.' அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கூடப் பிறந்த தம்பி ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்க, பெண்டாட்டி பேரில் பவர் எழுதிக் கொடுத்த மகராசன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யார்? அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

காரியம் இதுதான். பினாங்குக்குப் பிழைக்கப் போன புருஷன் குழந்தைவேல் பேரில் இருக்கும் மேட்டுக் காட்டை உள்ளூர்க் கிழவி அத்தாயிக்குக் கொடுத்து, அத்தாயியின் கிணற்றுத் தோட்டத்தை மாற்றிக்கொள்வது. அத்தாயிக்கு மேட்டுக் காடு மகள் வீட்டை ஒட்டி வருகிறது. சென்னியம்மாளுக்கு வேண்டியது கிணறு. கொழுந்தன் சண்முகவேலிடம் தண்ணீர் முறை கேட்டுப் போய் நின்று, "நாளைக்குப் பாக்கலாம் போங்க" என்ற பேச்சையே கேட்டுக் கேட்டு, கண்ணெதிரே மிளகாய்ச் செடி கருகின வயிற்றெரிச்சல் அவளுக்கல்லவா தெரியும்! இப்போது அந்தப் பாவிக்கு இந்தத் தோட்டத்தின் மேலும் ஒரு கண்.

"இன்னைக்கே முடிச்சுப்போடோணும் ஆத்தா. நாளைக்கு ஆடி பொறந்துட்டா ஒரு மாசம் ஒண்ணும் ஆகாது. அதுக்குள்ள உங்கொழுந்தன் என்னையக் கரைச்சு வாங்கிப்போடுவான்" என்று வண்டியில் வரும்போதே அத்தாயி சொல்லிவிட்டாள்.

ரிஜிஸ்தர் கச்சேரியில் எல்லாம் ஜோராகத்தான் நடந்தது. சப் ரிஜிஸ்திரார் பவர் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரை சரி, ஸ்டாம்பு சரி. மை தடவின பலகையைக்கூட முன்னால் நகர்த்தி வைத்தாயிற்று. சென்னியம்மாள் கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்தா வர வேண்டும் அந்தச் சனியன்!

"நிறுத்துங்க சாமி!" முறுக்கின மீசையும் வெற்றிலை குதப்பின வாயுமாகச் சண்முகவேல் உள்ளே நுழைந்தான். "அந்தப் பத்திரம் செல்லாதுங்க. எழுதிக் குடுத்த எங்கண்ணன் பினாங்குலயே செத்துப்போயிட்டாருங்க. முந்தாநாளே சேதி வந்துருச்சு."

சப் ரிஜிஸ்திரார் பேனாவைக் கீழே வைத்தார். "கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் அவரோடு போய்விடும், அம்மா. இனி விசாரிக்காமல் நான் இதைத் தொட முடியாது."

சென்னியம்மாளுக்கு அது காதில் விழவே இல்லை. கை தானாகத் தாலியைப் பிடித்தது. "ஐயோ, எஞ்சாமி!" என்று அலறித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பொய்யென்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா என்று கொழுந்தன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பார்த்தவள் பார்த்தபடியே இருந்தாள்.

குழந்தைவேலுக்கு ஆண் வாரிசு இல்லை. அவனுக்கு ஒன்று ஆனால் கருமம் செய்ய வேண்டியவன் தம்பிதான். உடல் எந்தச் சீமையில் கிடந்தாலும், சேதி கேட்டதும் தலையில் தண்ணீர் ஊற்றி, நாவிதரைக் கூப்பிட்டு மீசையை எடுத்தாக வேண்டும். அதில் ஏழை பணக்காரன் என்ற பேச்சே கிடையாது.

"கொழுந்தனாரே!" அவள் எழுந்தாள். "முந்தாநாளு சேதி வந்துச்சுங்கறீங்க. ஒரே வளவுல அடுத்த ஊட்டுல இருக்கற எனக்குச் சொல்லோணும்னு தோணலீங்களா? நேத்து உங்க மாமன் ஊட்டுக் கெடாவெட்டுல கறிச்சோறு தின்னீங்களே, அது எந்த ஊரு எழவுங்க? உங்கண்ணன் செத்திருந்தா இந்த மீசை ஏனுங்க இன்னும் மொகத்துல இருக்குது?"

கச்சேரி முழுக்கக் கொல்லென்று சிரித்தது. "அப்படிக் கேளு ஆத்தா!" என்று கையைத் தட்டினாள் அத்தாயி.

சப் ரிஜிஸ்திரார் மட்டும் சிரிக்கவில்லை. "வாசலில் நாவிதர் இருக்கிறார். மீசையை எடுத்துவிட்டு வந்து, அண்ணன் இறந்தது சத்தியம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நான் காத்திருக்கிறேன்."

சண்முகவேலின் கை மீசைக்குப் போனது. உயிரோடு இருக்கிற அண்ணனுக்கு மீசை எடுத்தவன் அப்புறம் ஊருக்குள் தலை காட்ட முடியுமா? "சேதி சொன்னவன் ஆளு மாத்திச் சொல்லீட்டானோ என்னமோங்க" என்று முனகிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான்.

"பவர் செல்லும். விரலை வையுங்கள், அம்மா" என்றார் சப் ரிஜிஸ்திரார்.

வைத்தாள். கண்ணீர் சொட்டி ரேகை ஈஷிக்கொண்டது. குமாஸ்தா கையைப் பிடித்து மறுபடி வைக்க வேண்டியதாயிற்று. அப்போதும் அழுகை நிற்கவில்லை.

"கெணறுதான் உன்றதாயிருச்சே, இன்னும் என்னத்துக்கு அழுவுறே?" என்று அத்தாயி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கெணறு கெடந்துட்டுப் போகுதுங்க!" மை விரலோடு சென்னியம்மாள் அவளைக் கட்டிக்கொண்டாள். "அவிய இருக்கறாங்க! உசுரோட இருக்கறாங்கல்ல!"