எழுபத்தோரு மதிப்பெண்

ரோடு போடுகிற அலுவலகத்துக்குப் போகும் ரோடுதான் அந்த ஊரிலேயே வழவழவென்று இருந்தது. அதிகாரிகள் அந்த வழியாகத்தானே வருகிறார்கள். அங்கே இருபத்தோரு வருடம் குப்பை கொட்டிய ஓவர்சியருக்குத் தெரிந்த ஒரே பொறியியலும் இதுதான். பெரிய அதிகாரியின் கார் வரும்போது வழியில் பள்ளம் இருக்கக் கூடாது. கார் போன பிறகு தாராளமாக இருக்கலாம்.

மற்றபடி நல்ல மனிதர். சூதுவாது தெரியாது. 'முடியாது' என்ற சொல்லும் தெரியாது.

அவருடைய அக்கா ஊர்க் கடைசியில் ஒரு தெருவில் தனியாக இருந்தாள். வயது அறுபத்திரண்டு, வாய்க்கு மட்டும் இருபது. கோடை மழையில் தெருமுனைப் பள்ளத்தில் காலை விட்டு இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்துத் தைத்த டாக்டர், வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வந்தே ஆக வேண்டும், அடுத்த ஆறு மாதத்துக்குள் கால் பழகாவிட்டால் காலம் முழுக்க நாற்காலிதான் என்று சொல்லிவிட்டார். கூட்டிப்போக ஓர் ஆட்டோக்காரர் இருந்தார். அந்தத் தெருவுக்குள் வந்து இரண்டு முறை அச்சை உடைத்துக்கொண்டவர் அவர்.

"அக்கா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா மழை ஆரம்பிச்சா தெருவுக்குள்ள வரமாட்டேன். இன்னொரு தடவை அச்சு போச்சுன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பருவமழைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

அந்த வருடம் அரசாங்கத்துக்கு எப்படியோ புத்தி வந்திருந்தது. ரோடு பழுதுபார்க்கும் நிதி இனிமேல் சிபாரிசுக்கு இல்லை, மதிப்பெண்ணுக்குத்தான் என்றது. அடியில் கருவி பொருத்திய வண்டி ஒன்று தெருத்தெருவாகப் போய், எங்கே எத்தனை குலுங்கல் என்று அளந்து நூற்றுக்கு இத்தனை என்று போடும். நாற்பதுக்குக் கீழே வாங்கிய தெருவுக்கு உடனே பணம். மேலே வாங்கினால் மூன்று வருடத்துக்கு ஒரு கூடை ஜல்லிகூடக் கிடையாது.

ஓவர்சியர் நாலு கடிதம் எழுதி, குமாஸ்தா முன்னால் கால் கடுக்க நின்று, அக்காவின் தெருவைப் பட்டியலில் ஏற்றினார். அவர் வாழ்நாளில் செய்த வீரச் செயல் அது ஒன்றுதான்.

"அக்கா, நம்ம தெரு கண்டிப்பா ஃபெயில்!" என்று வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னார்.

"நீ எட்டாங்கிளாஸ்ல ஃபெயிலானப்ப அப்பா பெல்ட்டைத் தேடினார். இப்பதான்டா நம்ம குடும்பத்துல ஃபெயிலுக்கு முதல் தடவையா சிரிக்கிறோம்" என்றாள் அக்கா. அன்றைக்கு அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

வண்டி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கோட்டப் பொறியாளர் ஓவர்சியரைக் கூப்பிட்டார்.

"தலைமைப் பொறியாளரே அந்த வண்டியில உக்காந்து வர்றாராம். அவருக்கு இடுப்பு வலி, பெல்ட் போட்டிருக்கார். போற வழியில ஒரு குலுங்கல் இருக்கக் கூடாது."

"சார், அது குலுங்கலை அளக்கத்தான்..."

"அதனால?"

"குலுங்கலைன்னா மார்க் ஏறிடும் சார். அப்புறம் பணம் வராது."

"உங்களுக்கு மார்க் முக்கியமா, நான் முக்கியமா?"

வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யாரும் தலையைச் சீவியிருக்க மாட்டார்கள். இருபத்தோரு வருடப் பழக்கம் முந்திக்கொண்டது.

"நீங்கதான் சார்" என்றார்.

மறுநாள் காலையிலேயே ஜல்லி வந்தது, தார் வந்தது, ரோலர் வந்தது. இரண்டு வருடமாக மனுப் போட்டும் வராதவை ஓர் அதிகாரியின் இடுப்புக்காக ஓடி வந்தன. பள்ளத்துத் தூசியைக்கூடக் கூட்டாமல் மேலே தாரை ஊற்றி அமுக்கினார்கள். சத்தம் கேட்டு அக்கா ஊன்றுகோலோடு வாசலுக்கு வந்தாள்.

"டேய், என்னடா பண்ற?"

"சும்மா மேலாப்புல ஒட்டுப் போடறேன்க்கா."

"நாளைக்குத்தானே அளக்க வர்றாங்க? புண்ணைக் காட்டத்தானே டாக்டர்கிட்ட போவாங்க, நீ பவுடர் பூசி அனுப்புறியே!"

"பெரிய அதிகாரி வர்றார்க்கா. இடுப்பு வலியாம்."

அக்கா தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"எனக்கு எங்கடா வலிக்குது? மூக்குலயா?"

ஓவர்சியர் ரோலர்காரரைப் பார்த்துக் கத்தினார். வெட்கம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் விழுந்த பள்ளம் இருந்த இடமே தெரியாமல் மட்டமானபோது, அந்த வெட்கத்துக்கு நடுவிலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்பேர்ப்பட்ட ஆள்.

வண்டி வந்தது, போனது. தலைமைப் பொறியாளர் தெரு முழுக்கத் தூங்கினார். முடிவில் கண் திறந்து, "நல்லா பராமரிக்கிறீங்க" என்றார்.

மதிப்பெண் எழுபத்தொன்று. பக்கத்தில் 'நன்று' என்று வேறு எழுதியிருந்தது. அந்தத் தெருவுக்கு வரவேண்டிய நிதி, நெடுஞ்சாலையிலிருந்து ஒரு பொட்டல் காட்டுக்குப் போகும் புதிய நாலு வழிச் சாலைக்குப் போனது. அந்தக் காட்டில் நாலு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, வழிக்கு ஒன்றாக. புதுச் சாலைக்கு மதிப்பெண் தேவையில்லை. இல்லாத ரோட்டை எந்த வண்டி அளக்கும்?

சும்மா சொல்லக் கூடாது, ஓவர்சியரையும் மறக்கவில்லை. 'சிறந்த சாலைப் பராமரிப்பு' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்றைக் கூட்டத்தில் வைத்துக் கொடுத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அலுவலக மேசைக்கு அடியில் கவிழ்த்து வைத்தார்.

முதல் மழையில் ஒட்டெல்லாம் கழன்று சாக்கடைக்குப் போனது. ஆட்டோக்காரர் சொன்ன சொல் தவறாமல் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் வழி. அக்காவை அதில் உட்காரவைத்து, ஒரு பக்கம் ஓவர்சியரும் மறுபக்கம் ஆட்டோக்காரருமாகத் தூக்கிக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்தார்கள்.

"அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்க்கா" என்றார் ஓவர்சியர்.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பார்?"

"திட்டியிருப்பார்."

"அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்.

"விடு. வாரத்துக்கு மூணு நாள் தூக்கணும். தூக்குவியா?"

"தூக்குவேன்க்கா. லீவு போட்டாவது வருவேன். சத்தியமா."

தெருமுனைப் பள்ளத்தில் முழங்கால் வரை இறங்கியபோது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு கையும் நாற்காலியில். அக்காதான் எட்டி எடுத்து, அமுக்கி, அவர் காதில் வைத்தாள். கோட்டப் பொறியாளரின் குரல் அவளுக்கும் கேட்டது.

"அந்தப் புது நாலு வழி ரோட்டுத் திறப்பு விழாவுக்கு மந்திரி வர்றார். அவசரமா போட்டது, அதுக்குள்ள அங்கங்க பேந்துபோச்சு. இப்பவே கிளம்பி வாங்க. இனி பதினஞ்சு நாள் நீங்க அங்கேயேதான் இருக்கணும். லீவு கீவுன்னு பேசக் கூடாது."

ஆட்டோக்காரர் நின்றுவிட்டார். அக்கா தம்பியின் வாயையே பார்த்தாள். அவர் உதடு ஒரு முறை அசைந்தது.

"சரிங்க சார். இதோ வந்துட்டேன்."

அக்கா போனை அணைத்து அவர் பையிலேயே போட்டாள்.

"திருப்புங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றாள். "மெதுவா. எழுபத்தோரு மார்க் வாங்கின ரோடு."