சாணை பிடித்த வாள்

கன்னியம்மாள் ஹில்டாவைத் தேடி வந்தது 1989 ஐப்பசியில், விடாமல் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூந்தமல்லியில் சர்ச்சுக்குப் பின்தெருவில் இருந்த வீட்டு வாசலில் நனைந்த புடவையோடு நின்றார். பக்கத்தில் வக்கீல் ஜெயபால் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். ஜெயபாலும் ஹில்டாவும் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். நகரத்தில் ஒரு மியூசியத்தில் பழைய ஆயுதங்கள் இருக்கும் பகுதி ஹில்டாவின் பொறுப்பில் இருப்பது அவருக்குத் தெரியும்.

"அக்கா, ஒரு கத்தியைப் பாத்துச் சொல்லணும். இவங்க பையன் தலையெழுத்தே அதுலதான் இருக்கு," என்றார் ஜெயபால்.

ஹில்டா துண்டை எடுத்துக் கொடுத்தார். கன்னியம்மாள் தலையைத் துவட்டவில்லை. துண்டை மடியில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

நசரத்பேட்டையில் ஏரிக்குக் கீழே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகன் எத்திராஜ் பயிரையும் பார்த்துக்கொண்டு, பூந்தமல்லியில் ஒரு லேத் பட்டறைக்கும் போய்வந்தான். பக்கத்து நிலங்களை வாங்கி மனை போட்டுக்கொண்டிருந்த கஜபதி என்பவர், ஒருநாள் இவர்கள் வரப்பைத் தாண்டி எல்லைக்கல் நட்டார். எத்திராஜ் கல்லைப் பிடுங்கி ஏரியில் போட்டான். டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க, "இன்னொரு கல்லு நட்டுப் பாரு, உன்ன வெட்டி அதே குழில பொதைக்கிறேன்," என்றும் கத்திவிட்டான். அந்த வாரத்திலேயே கஜபதி ஏரிக்கரையில் வெட்டுப்பட்டுக் கிடந்தார். தோள்பட்டை எலும்பு வரை பிளந்திருந்தது.

"போலீஸ்காரன் தெருவுல வந்து எம்புள்ள பேரக் கேட்டுகினு போனாம்மா," என்றார் கன்னியம்மாள். "அவன் அன்னிக்கு ஜொரத்துல ஊட்லதான் படுத்துகினு இருந்தான். நான்தான் கஞ்சி வெச்சிக் குடுத்தேன். நான் சொன்னா யாரு கேப்பா? எனக்கு அம்மன உட்டா யாரு கீறா?"

வயலோரத்தில் அவர்கள் குடும்பம் கும்பிடும் அம்மன் கோயில் ஒன்று இருந்தது. கோயில் என்றால் நாலு பேர் நிற்க முடியாத அளவுக்கு ஒரு கட்டடம். அம்மனுக்கு முன்னால் ஒரு நீண்ட வாள் நட்டிருந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. துருவேறிக் கறுத்துப்போன வாள். ஆடி மாதம் மட்டும் எடுத்து எண்ணெய் தடவி, குங்குமம் வைத்து, திரும்ப நடுவார்கள்.

"எம்புள்ள மேல கேசு வராம காப்பாத்து, உன் கத்திய புதுசாட்டம் பண்ணி வெக்கிறேன்னு வேண்டிக்கினேன். அப்பால மனசு கேக்கல. முன்னாடியே செஞ்சிட்டா சீக்கிரம் கண்ணத் தொறப்பாளேன்னு தோணிச்சி. புளியும் சாம்பலும் போட்டுத் தேச்சேன். சைக்கிள்ள சாணைக்காரரு வந்தாரு. குடுத்தேன். தீட்டிக் குடுத்தாரு. கண்ணாடியாட்டம் ஆயிருச்சி."

மறுநாள் காலையில் போலீஸ் வந்தது. இருட்டுக் கோயிலுக்குள் அந்த வாள் பளபளவென்று நின்றது. கொலை செய்த ஆயுதத்தைக் கழுவித் தீட்டி வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். எத்திராஜையும் கொண்டுபோனார்கள்.

பழைய வாள் ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்கள் எத்தனையோ பேரை ஹில்டா பார்த்திருக்கிறார். அப்போதெல்லாம் கோபம்தான் வரும். துரு என்பது அழுக்கல்ல, அந்த இரும்பு எத்தனை காலம் சும்மா கிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்று சத்தம் போடுவார். இந்த அம்மாவிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கோர்ட்டில் அனுமதி வாங்கி, கார்த்திகையில் ஜெயபால் அவரை வழக்குச் சாமான்கள் வைக்கும் அறைக்கு அழைத்துப் போனார். குமாஸ்தா ஒருவர் துணியைப் பிரித்து வாளை மேசையில் வைத்துவிட்டு அருகிலேயே நின்றுகொண்டார்.

ஹில்டா முதலில் தொடவில்லை. குனிந்து பார்த்தார். பிடி இந்த நாட்டு வேலை. கையைச் சுற்றி வளைந்த காப்பு, அடியில் தட்டு, தட்டின் நடுவில் ஒரு முளை. அலகு இந்த நாட்டுடையது அல்ல. நேராக, மெல்லியதாக, நடுவில் மூன்று பள்ளக் கோடுகள் ஓடின. கடல் கடந்து கப்பலில் வந்த வெள்ளைக்கார அலகு. அதை வாங்கி, இங்கே உள்ள கொல்லர்கள் தங்கள் பிடியைப் பூட்டியிருக்கிறார்கள். அலகு ஆடாமல் இருக்க, பிடியிலிருந்து இரண்டு பக்கமும் இரும்புப் பட்டைகள் இறங்கி, ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தன. முந்நூறு வருஷத்துக்குக் குறையாது என்று நினைத்தார். மியூசியத்தில் இப்படி இரண்டுதான் இருந்தன.

பிறகு கைக்குட்டையால் பிடித்து மெல்ல வளைத்தார். அலகு விரால் மீன்போல் துள்ளியது.

"ஜெயபால், இது எலும்பைப் பிளக்கிற ஆயுதம் இல்லப்பா. குத்தவும் இழுத்து அறுக்கவும் செஞ்சது. போட்டோல அந்தக் காயத்தைப் பாத்தா கனமான எதையோ ஓங்கிப் போட்ட மாதிரி இருக்கு. வெட்டரிவாளா இருக்கும்."

"அது போதாதுக்கா. கூர் புதுசா இருக்கே?"

அதுதான் தொல்லை. முனைவரை புதுச் சாணையின் கீறல்கள். பழைய விளிம்பு மொண்ணையாக இருந்ததா, எலும்பில் பட்டு எங்காவது மடங்கியிருந்ததா என்று சொல்லியிருக்கக்கூடிய எல்லாவற்றையும் சாணைக்கல் தின்றுவிட்டது.

ஹில்டா வாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். இரும்புப் பட்டைகளுக்கும் அலகுக்கும் இடையில் நூலளவு இடுக்கு இருந்தது. அங்கே புளியும் போகவில்லை, சாணையும் போகவில்லை. பழைய துரு மரப்பட்டை போல அடைந்து கிடந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க பாரு. வெட்டியிருந்தா ரத்தம் முதல்ல இங்கதான் இறங்கும். இந்தப் பட்டையைக் கழட்டி லேப்ல பாக்கச் சொல்லு. துருவைத் தவிர ஒண்ணும் இருக்காது."

"அலகுல ரத்தம் இல்லன்னு ஏற்கெனவே ரிப்போர்ட் வந்திருக்கு. கழுவினதாலதான் இல்லன்னு அவங்க சொல்றாங்க. இதையும் கேக்கலாங்கிறீங்களா?"

"கேளு."

ஜெயபால் மனுப்போட்டார். பட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். தை மாதம் அறிக்கை வந்தது. இடுக்கில் ரத்தம் இருந்தது. கெட்டுப்போயிருந்ததால் மனிதனுடையதா மிருகத்தினுடையதா என்று சொல்ல இயலவில்லை.

அன்று மாலையே ஹில்டா நசரத்பேட்டைக்குப் பஸ் ஏறினார். கன்னியம்மாள் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். ஹில்டா சொன்னதைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"கோழி ரத்தம்மா அது. ஆடி ஆடிக்குக் கோழி அறுத்து அது மேலதான உடுவோம். எங்க மாமியார் காலத்துலருந்து அதான்."

"அம்மா, இதை ஏன் முன்னாடியே எங்ககிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா," என்றார் கன்னியம்மாள்.

ஹில்டா அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். வாளின் பிடியைப் பார்த்திருந்தார், அலகைப் பார்த்திருந்தார், வயதைக் கணித்திருந்தார். அதை வைத்துக் கும்பிட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அவர் கேட்டு வாங்கிய அறிக்கை இப்போது அரசுத் தரப்பின் கையில் இருந்தது.

இனி மிச்சமிருந்தது சாணைக்காரர் ஒருவர்தான். கொலை நடந்த பிறகும் அந்த வாள் துருப்பிடித்துத்தான் இருந்தது என்று சொல்ல, பெற்ற தாயைத் தவிர வேறு ஆள் யாரும் இல்லை. நசரத்பேட்டைப் பக்கம் அவர் வருவதை நிறுத்தியிருந்தார். முத்தாபுதுப்பேட்டையில் பார்த்ததாக ஒருவர் சொல்ல, ஜெயபாலின் ஸ்கூட்டரில் ஹில்டாவும் போனார். ஒரு கறிக்கடை முன்னால் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மிதித்தபடி கத்தி தீட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர்.

ஜெயபால் விஷயத்தைச் சொன்னதும் கல் சுற்றுவது நின்றது.

"நெனப்பு இல்ல சார். ஒரு நாளைக்கு எவ்ளோ கத்தி கைல வருது."

"இவ்ளோ நீளக் கத்தி எத்தனை வந்திருக்கும்?" என்று கேட்டார் ஹில்டா.

அவர் ஹில்டாவை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் பயம் தெரிந்தது. "யம்மா, எனக்கும் பொண்டாட்டி புள்ள கீது. போலீஸ் ஒரு தபா வந்து கேட்டுச்சி. கொலகாரனுக்குக் கத்தி தீட்டிக் குடுத்தவன் நீதானான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்லிட்டேன். இப்போ கோர்ட்டுக்கு வந்து ஆமான்னு சொன்னா என்ன சும்மா உடுவாங்களா?"

"துரு இருந்துச்சா, அதை மட்டும் சொல்லுங்க."

"இருந்துச்சி," என்றார் மெதுவாக. "கல்லுல வெச்சா செம்மண்ணாட்டம் கொட்டுச்சி. ஆனா நான் வரமாட்டேன்."

சம்மன் அனுப்பினார்கள். அவர் சைக்கிளோடு எங்கோ போய்விட்டிருந்தார்.

மறுவருஷம் விசாரணை நடந்தது. கூண்டில் ஏறிய கன்னியம்மாள், தானே தேய்த்ததாகவும் தானே தீட்டக் கொடுத்ததாகவும் சொன்னார். அரசு வக்கீல் எழுந்து, மகனுக்காக எந்தத் தாயும் இதைத்தான் சொல்வாள் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்து ஹில்டா ஏறினார். அலகு எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்தது, ஏன் அந்தக் காயத்தோடு பொருந்தாது என்று நிதானமாக விளக்கினார். நீதிபதி அக்கறையோடு கேட்டுக் குறித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி மேடம்," என்றார் அரசு வக்கீல். "ஒரே கேள்வி. இப்போ இருக்கிற இந்த வாளால ஒரு மனுஷனைக் கொல்ல முடியுமா?"

"இந்தக் காயம் இதால..."

"முடியுமா, முடியாதா?"

ஹில்டா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "முடியும்."

எத்திராஜுக்கு ஆயுள் தண்டனை. வெளியே வேனில் ஏற்றும்போது கன்னியம்மாள் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தார். அவன் கையை எடுத்துவிட்டான்.

"சும்மா கெடந்த கத்திய உன்ன யாரு எடுக்கச் சொன்னது?" என்றான். அவன் சத்தம் போடவில்லை.

மேல்முறையீட்டுக்காக நிலத்தை விற்றார்கள். வாங்கியது கஜபதியின் தம்பி. மேல்முறையீடு மூன்று வருஷம் நடந்து தள்ளுபடியானது. வாளை அழிக்காமல் மியூசியத்துக்குத் தரும்படி ஹில்டா விண்ணப்பம் கொடுத்திருந்தார். பதில் வராமல் நேரில் போய்க் கேட்டபோது, வேறு கேசுகளின் அரிவாள்களோடும் கத்திகளோடும் அதையும் உடைத்துப் போட்டாகிவிட்டது என்றார்கள். கஜபதியை வெட்டியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. யாரும் தேடவும் இல்லை.

மேல்முறையீடு தள்ளுபடியான பிறகு ஒரு சித்திரையில் ஹில்டா கன்னியம்மாளோடு வேலூர் ஜெயிலுக்குப் போனார். மாதாமாதம் கன்னியம்மாள் போவதும், மகன் பார்க்க வராததும் ஜெயபால் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

வாசலுக்கு வந்ததும் கன்னியம்மாள் நின்றுவிட்டார். "நான் வந்துகிறேன்னு தெரிஞ்சா வரமாட்டான். நீ மட்டும் போயி பாரும்மா."

எத்திராஜ் வந்தான். முன்நெற்றி வழுக்கையாகியிருந்தது. வலைக்கம்பிக்கு அந்தப் பக்கம் தள்ளியே நின்றான்.

"உங்க அம்மா வெளிய நிக்கிறாங்க எத்திராஜ்."

"தெரியும் மேடம். வரவேணாம்னு சொல்லுங்க."

"ஒரு தடவை பாத்தாத்தான் என்ன? அவங்க செஞ்சது உங்களைக் காப்பாத்தத்தானே?"

"அதான் மேடம்." அவன் தரையைப் பார்த்தான். "அது எனக்குத் தெரியாதா? ஆனா மூஞ்சியப் பாத்தா அதேதான் வாயில வரும். அன்னிக்கு ஒரு தபா சொல்லிட்டேன். அத சொல்லக்கூடாதுன்னுதான் வரமாட்டேன்றேன். அவங்க வந்துட்டுப் போற அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கறதில்ல. வரவேணாம்னு சொல்லுங்க."

ஹில்டா வெளியே வந்தபோது கன்னியம்மாள் கூடையை மடியில் வைத்து மதிலோர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா கீறானா?"

"இளைச்சிருக்காரு."

"இன்னா சொன்னான்?"

மாற்றிச் சொல்ல ஹில்டாவுக்கு மனம் வரவில்லை. அவன் சொன்னதை அப்படியே சொன்னார். கன்னியம்மாள் கூடையில் இருந்த அதிரசத்தை வாசலில் காத்திருந்த வேறு குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையோடு எழுந்தார்.

பஸ் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் கன்னியம்மாள் சன்னல் பக்கம் திரும்பி, "சோறு எறங்கலன்னா சொன்னான்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அப்போ நான் போவக்கூடாது."

நசரத்பேட்டை நிறுத்தத்தில் அவர் இறங்கினார். ரோட்டுக்கு அந்தப்புறம் ஏரிவரைக்கும் மனைக் கற்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு நடுவே தங்கள் வயல் இருந்த இடம் தெரியாமல் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, ஓரமாகவே நடந்து போனார்.