எண்பது போத்தல்கள்

சிவரூபிக்குத் தன் கணக்கின் மேலேயே ஆத்திரம் வந்தது. அவளுடைய ஊரில் போத்தலில் வாங்கிச் சோதித்த எண்பது பேரில் ஏழு பேரின் சலத்தில், சிறுநீரில், சிறுநீரகப் பழுதைக் காட்டும் புரதம். வாய்க்காலுக்கு அப்பால், குழாய்த் தண்ணீர் குடிக்கிற ஊரில் எண்பதுக்கு ஆறு. ஒன்று கூடக்குறையத் தற்செயலாகவே வரும். தன் ஊர்க் குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான் சிறுநீரகத்தைத் தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அவளுடைய ஒழுங்கையிலேயே மூன்று பேர் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்தம் செய்ய வவுனியாவுக்கு பஸ் ஏறுகிறார்கள். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்துக் கிழித்தது போதும்!

"ரெண்டு ஊரும் ஒண்டுதானே தங்கச்சி. தண்ணி சுத்திகரிக்கிற மெசினை வேற ஊருக்குக் குடுக்கிறம்," என்று நீர் வழங்கல் கந்தோரில் அதிகாரி அவளுடைய கோப்பை மூடிவிட்டார்.

அடுத்த மாதம் அப்பா பொன்னையா வயலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் சுற்றிவளைக்கவில்லை. "ரெண்டு கிட்னியும் போயிட்டுது. வருசக்கணக்கா சலத்தில புரதம் போயிருக்கும்."

அப்பாவின் போத்தலைச் சோதித்தவளே சிவரூபிதான். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே குசினிக்குள் போனாள்.

"அம்மா, அப்பாவின்ர போத்தலுக்க இருந்தது ஆரின்ர சலம்?"

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த மீனம்மா நிமிரவில்லை. "என்ர."

"ஏனம்மா?"

"அக்காவுக்குச் சம்பந்தம் பேசுற நேரம். கிட்னி ஒழுங்கை எண்டு பேர் வந்தால் ஆர் வந்து கட்டுவினம்? குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீடெல்லாம் கதைச்சுப் பேசித்தான் செய்தனாங்கள். சுகமா இருக்கிற ஆளின்ரயை வீட்டில எல்லாற்ற போத்தலுக்கையும் ஊத்தினம்."

அம்மாவை ஏச வாய் திறந்த சிவரூபிக்குத் தன் பிழைதான் முன்னால் வந்து நின்றது. பக்கத்து ஊரில் வீடு வீடாக நின்று கையோடு வாங்கியவள் அவள். சொந்த ஊரில் கக்கூஸ் வாசலில் நின்று "சித்தப்பா, இப்பவே தாங்கோ" என்று கேட்க வெட்கம். பின்னேரம் போத்தல்களைக் கொடுத்துவிட்டுக் காலையில் போய்ப் பொறுக்கி வந்தாள். எண்பது போத்தல் இருந்தது, எண்பது பேர் இருக்கவில்லை. முதலாம் வருடப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம், சனியன்!

அடுத்த நாளே கந்தோருக்கு ஓடினாள். "ஐயா, என்ர பிழை. முன்னால நிண்டு எல்லாற்ற சலத்தையும் திருப்பி எடுக்கிறன்."

"எடுங்கோ. ஆனா மெசினைப் போன கிழமை மற்ற ஊரில பூட்டியாச்சு. அடுத்தது வர ரெண்டு வருசமாகும்," என்றார் அதிகாரி.

திரும்பி வந்தபோது அம்மா ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி காய்ச்சக் குழாய்க்கிணற்றில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். சிவரூபி வாளியைப் பறித்து நிலத்தில் கவிழ்த்தாள். வீட்டில் வேறு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அப்பா காலையிலிருந்து வெறும் வயிறு.

சிவரூபி வாளியை நிமிர்த்தி வைத்து, தானே அடிக்கத் தொடங்கினாள்.