முழங்கைக்குள் ஒரு சில்லு

வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். பதின்மூன்று வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் பைத்தியம். காலில் நிற்பதைவிடக் கையை ஊன்றித் தலைகீழாக நிற்பதுதான் அதிகம். அப்படிப்பட்டவள் முழங்கை வலிக்கிறது, பயிற்சிக்குப் போகமாட்டேன் என்றபோது, பஸ் ஓட்டுநரான அவள் அப்பா நம்பவில்லை.

"போட்டி வருதுல்ல, அதான் பயம். சும்மா நடிக்காத."

அதற்கப்புறம் இரண்டு மாதம் அவள் வலியைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒருநாள் காலை தலை வாரும்போது கை பாதியில் மாட்டிக்கொண்டது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. "இது நடிப்பு இல்லப்பா" என்றாள் மெதுவாக. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஸ்கேனைப் பார்த்த எலும்பு டாக்டரம்மா விளக்கினார். "எலும்போட நுனி பேந்து, ஒரு சில்லு மூட்டுக்குள்ள சுத்திக்கிட்டிருக்கு. கையை ஓயாம ஊன்றுற பிள்ளைங்களுக்கு வர்றதுதான். பெரிசா கிழிக்க வேண்டியதில்ல. மூணு சின்னத் துளை. ஒண்ணுல கேமரா, இன்னொண்ணு வழியா சில்லை எடுத்துடலாம். பக்கத்துலயே நரம்பு ஓடுது, அதுலதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

அப்பாவின் காதில் 'நரம்பு' என்ற சொல் மட்டும்தான் ஏறியது.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சில்லு பட்டாணி அளவு இருந்ததாம். ஆனால் மயக்கம் தெளிந்தவளை நர்ஸ் விரல்களை அசைக்கச் சொன்னபோது, சுண்டு விரல் மட்டும் அசையவில்லை. தொட்டாலும் தெரியவில்லை.

"வலிக்குப் போட்ட மருந்தோட மரப்பா இருக்கும். சாயங்காலத்துக்குள்ள போயிடணும்" என்றார் டாக்டரம்மா.

"போகலன்னா?"

"அப்ப நரம்பைப் பாக்கணும். இப்ப காத்திருப்போம்."

அப்பா கட்டிலோரம் நாற்காலியில் அமர்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் பஸ் ஓட்டியவர். இப்போது கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடியது.

"அன்னிக்கே உன்னை நம்பியிருக்கணும். தப்பு என்மேலதான்."

"ஆமா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. பிறகு தூங்கிப்போனாள்.

நான்கு மணி இருக்கும்.

"அப்பா, விடுங்க. விரலை நசுக்குறீங்க."

"வலிக்குதா?"

"பின்ன? இப்பிடிப் பிடிச்சா வலிக்காம?"

"எந்த விரல்?"

"நீங்க பிடிச்சிருக்கிற விரல்தான்."

அவர் பிடியை விட்டார். சுண்டு விரல் மெல்ல மடங்கி, மெல்ல நிமிர்ந்தது.

டாக்டரம்மா வந்து ஒவ்வொரு விரலாகச் சோதித்துவிட்டு, "இனி கவலையில்ல. ஆனா நாலு மாசத்துக்குத் தலைகீழா நிக்கக் கூடாது" என்றார். வாலுவின் முகம் சுருங்கியது. அதைப் பார்க்க அப்பா விழித்திருக்கவில்லை. விரல் அசைந்த நிம்மதியில் நாற்காலியில் சரிந்து, வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மாத்திரையோடு வந்த நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுல பேஷண்ட் யாரும்மா?"

"அவருதான்" என்றாள் வாலு. "எழுப்பாதீங்க."