காப்பி நேரத்தில் சொன்னது

ருஸ்மிராவுக்கு மூன்றாவது எச்சரிக்கைக் கடிதம் வந்துவிட்டது. அது நிலைத்தால் வேலை போய்விடும். ஜெனிட்சா நகரின் பேருந்து நிறுவனத்தில் ஒன்பது வருடமாக அவள்தான் கால அட்டவணை போடுகிறாள். ஒரு நிமிடம் பிசகியதில்லை. இப்போது அவள்மீது குற்றம் என்னவென்றால், திங்கட்கிழமை முதல் உருக்காலை வண்டி ஆறு பத்துக்குப் பதில் ஐந்து ஐம்பதுக்கே கிளம்ப வேண்டும் என்று மேலாளர் நெஜாத் சொன்னாராம். இவள் மாற்றவில்லையாம். ஆலை சொன்னபடி சீக்கிரமே வந்த நாற்பது தொழிலாளிகள் கொட்டும் மழையில் நின்று, ஷிப்டுக்கும் பிந்திப் போனார்கள்.

சொன்னாராம்! எங்கே சொன்னார்? காப்பி நேரத்தில்.

அந்த அலுவலகத்தில் எல்லாமே காப்பி நேரத்தில்தான் நடக்கும். பத்து மணிக்குச் சமையலறையில் பதினோரு பேர் கூடுவார்கள். செம்புக் குடுவையில் காப்பி, கண்ணைக் கரிக்கும் சிகரெட் புகை, ஒரே சமயத்தில் ஐந்து பேர் பேச்சு. யார் மகளுக்குக் கல்யாணம் என்பதற்கும் யார் காருக்கு டயர் மாற்ற வேண்டும் என்பதற்கும் நடுவே ஒரு வண்டியின் நேரம் மாறிவிடும். ஆட்டிசம் உள்ள ருஸ்மிராவுக்கு அந்தச் சத்தத்தில் காது வலிக்குமே தவிர, ஒரு சொல்லும் பிரிந்து கேட்காது. அதனால்தான் போன வருடம் நடையாய் நடந்து, வேலை உத்தரவுகளை அவளுக்கு எழுத்தில்தான் தர வேண்டும் என்று முத்திரையோடு ஒப்பந்தம் வாங்கினாள். அதில் கையெழுத்துப் போட்டவர் இதே நெஜாத். போட்டதோடு சரி.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"ஏம்மா, எல்லார் காதுலயும் விழுந்துச்சு, உன் காதுல மட்டும் விழலையா?"

"நான் அங்க இல்ல சார்."

"அதான் கேக்கறேன், ஏன் இல்ல? ஒரு வாய் காப்பி குடிச்சா குறைஞ்சா போயிடுவ? மகாராணி மாதிரி கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தா எப்படி?"

"எழுதித் தர்றேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"ஒரே ஆபீஸுக்குள்ள லெட்டர் போட்டுக்கணுமா? இதென்ன கோர்ட்டா?"

அவள் கடிதத்தைப் பிரித்தாள். வண்டி நேரத்தை எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு நேரமில்லாத மனிதர் அவளைத் திட்டுவதற்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்!

"இதுல நீங்களே எழுதியிருக்கீங்க சார். 'பதினான்காம் தேதி சமையலறையில் வாய்மொழியாகத் தெரிவிக்கப்பட்டது.' கீழ உங்க கையெழுத்து. ஒப்பந்தத்துலயும் உங்க கையெழுத்து. ரெண்டையும் சேத்து இயக்குநருக்கு அனுப்பப் போறேன்."

நெஜாத்தின் முகம் வெளிறியது.

"அடடா, அவர்கிட்டல்லாம் எதுக்கும்மா போற? வா, நானே காப்பி போட்டுத் தர்றேன். உக்காந்து பேசுவோம். கடுதாசியை வாபஸ் வாங்கிட்டேன்னு வச்சுக்கோ."

"எப்ப வாங்கினீங்க?"

"இதோ, இப்பதான சொல்றேன்!"

ருஸ்மிரா ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர்முன் வைத்தாள்.

"எழுதுங்க."

முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். தேதி போடவில்லை, போடச் சொன்னாள். முத்திரை வேண்டும் என்றாள். "இவளோட பெரிய ரோதனை!" என்று தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டே போய்க் குத்திக்கொண்டு வந்தார்.

மறுநாள் பத்து மணிக்குச் சமையலறையில் அவளைப் பற்றித்தான் பேச்சு. என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.