நான் வெட்டிய பிசிறு

தையல் கடையில் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்குப் பிசிறு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. திரைச்சீலையின் மடிப்பில் மயிரிழையாக ஒரு வளையம் துருத்திக்கொண்டிருந்தது. கத்தரியை எடுத்து நறுக்கிவிட்டேன். என் தங்கை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்பவள். துணி என்றால் அவளுக்குக் கிரீஸ் துடைக்கிற சமாசாரம் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து நாளாக என் கடை மூலையைப் பிடித்துக்கொண்டு, வைண்டிங் கம்பியை ஊசியில் கோத்துத் திரையில் தைத்தாள். நூலை இழுப்பதுபோல் இழுத்தால் அறுந்துவிடும் என்று எனக்கே பாடம் வேறு. எரிச்சலாக வந்தது.

திரை எங்கள் கடைக்குட்டித் தங்கைக்கு. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் குழந்தைக்கு நான்கு மாதம். மறுநாள் மாப்பிள்ளை வேலைக்குத் திரும்புகிறார். அப்புறம் பகலெல்லாம் தாயும் பிள்ளையும் மட்டும்தான். அடுப்படியில் நிற்கும்போது குழந்தை அழுதால் யார் சொல்வது? அந்தப் பயத்தில் அவளுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. தொட்டிலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் இந்தத் திரை தொங்க வேண்டும். ஓரத்தில் தைத்த பொத்தான் அளவு மைக்கில் சத்தம் பட்டால் துணியெங்கும் குட்டி விளக்குகள் எரியும்.

"அது பிசிறு இல்லண்ணா. திரையை இழுக்கும்போது கம்பி அறுந்துடக் கூடாதுன்னு தொய்வா விட்டது," என்றாள் தங்கை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கடைக்குட்டி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு உண்டாம். சுரண்டாமல் முறுக்கினால் மின்சாரம் பாயாதாம். நான் பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். அவள் பிளேடால் சுரண்டி, புதுத் துண்டு சேர்த்துப் பற்றவைத்தாள். அவள் சொன்னபடியே இழுக்காமல் தையலை முடித்துக்கொடுத்தேன்.

துணி போட்டுப் பார்க்கும் அறை வாசலில் திரையைத் தொங்கவிட்டோம். கடைக்குட்டி உள்ளே நின்றாள். வெளியே வெட்டு மேசையில் குழந்தை. மகாராணி அழுதால்தானே! கூரையைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். துணி முழுக்க மங்கலாக வெளிச்சம் பூத்து அடங்கியது, மறுபடி பூத்தது. நான் நறுக்கிய கம்பி வழியாகத்தான் அதெல்லாம் ஓடுகிறது.

அழுகிறாளா என்று கடைக்குட்டி திரை இடுக்கு வழியாகக் கையசைத்துக் கேட்டாள். இல்லை, சும்மா பேசுகிறாள் என்று சைகையில் சொன்னேன். கொஞ்ச நேரம் விளக்குகளையே பார்த்தாள். பிறகு அவளே குரல் கொடுத்தாள். பள்ளியில் பிள்ளைகள் சிரித்ததிலிருந்து எங்கள் முன்னால் அவள் எழுப்பாத குரல், கரகரவென்று, உடைந்து. திரை பளீரென்று எரிந்தது.

அம்மாவின் முகம் தெரியாமலே குழந்தை திரைப்பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தாள். இடுக்கு வழியாகக் கடைக்குட்டி அதைப் பார்த்துவிட்டாள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஒவ்வொரு சொல்லாக எங்களிடம் சைகையில் சொன்னாள்:

"யாரும் பக்கத்துல இல்லாதப்ப தினமும் இவகிட்ட வாய்விட்டுப் பேசறேன். போய்ச் சேருதான்னுதான் தெரியாம இருந்துச்சு."