டேப்புக்குள் இரண்டு விரல்

டைலருக்கு உலகத்தில் இரண்டு விஷயங்களில் சந்தேகமே கிடையாது. ஒன்று அவருடைய கத்தரி, இன்னொன்று அவருடைய அளவு நோட்டு. ஒருவரை ஒரு தடவை அளந்துவிட்டால் மறுபடி அளப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கிற ஆள். "நோட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் துணியை விரித்துவிடுவார். நடுவில் நீங்கள் ஊதிப்போயிருந்தாலும் சரி, துரும்பாக இளைத்துப்போயிருந்தாலும் சரி, நோட்டில் இருப்பதுதான் நீங்கள்.

அவருடைய மனைவிக்கு, தபால் பிரிக்கிற இடத்தில் வேலை. அங்கே இருக்கிற பெண்கள் வாலிபால் அணியில் அவளுக்கு ஸ்பிரிங் என்று பெயர். முப்பத்தாறு வயதிலும் வலைக்கு மேலே முழங்கை தெரியக் குதிப்பாள். போன வருஷம் அரையிறுதியில் அப்படித்தான் எழும்பினாள், அடித்தாள், வலது காலை மட்டும் ஊன்றி இறங்கினாள். டைலர் மைதானத்து ஓரத்தில், பார்க்க வருகிறவர்கள் உட்காரும் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். பந்து எங்கே விழுந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது, அது மட்டும் தெரியும். அவள் கத்தவில்லை, கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "போச்சு" என்றாள்.

முட்டிக்குள்ளே ஜவ்வு அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறோம் என்று டாக்டர் சொன்னபோது, டைலருக்கு அது ஒன்றுதான் சட்டென்று புரிந்தது. சொந்தத் துணியிலேயே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், நல்ல வேலைதான் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. குளிக்கும்போது கட்டு நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றிவிட்டார். ஐஸ் நழுவாமல் இருக்க, முட்டி அளவுக்கு இரண்டு பை வைத்த உறை ஒன்று தைத்தார். மாடிப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்பதை அவள் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். கீழே நின்றுகொண்டு, "கெட்டது, கெட்டது" என்று குரல் கொடுப்பார். தெருவில் போகிறவர்கள் யாரைத் திட்டுகிறாரோ என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஐந்தாவது மாதம், காலுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோ அம்மா, இனி அதெல்லாம் வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. படுத்துக் கிடந்ததில் வலது தொடை சூம்பிப் போயிருந்தது. முட்டிச்சில்லுக்கு மேலே ஆறு இன்ச்சில் இரண்டு தொடையையும் வாராவாரம் அளக்க வேண்டும்.

"வித்தியாசம் அரை இன்ச்சுக்குள்ள வரட்டும், அப்ப இங்க வாங்க, குதிக்க வச்சுப் பாக்கறேன். அது வரைக்கும் குதிக்கற பேச்சே கூடாது. டேப்பை நல்லா தோலோட ஒட்டிப் பிடிக்கணும், சரியா?"

"அளவெடுக்க எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்றார் டைலர். பிசியோ அம்மா சிரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வலது தொடையை அளப்பார். தோலோடு ஒட்டித்தான் பிடிப்பார், அதில் குறையே சொல்ல முடியாது. இடது தொடைக்கு? "போன வருஷம் உனக்குப் பிராக்டீஸ் பேண்ட் தெச்சேனே, நோட்டுல இருக்கு. இருபது." ஆக, ஒவ்வொரு வாரமும் இடது இருபது. வலது பதினாறரையில் ஆரம்பித்துப் பதினேழு, பதினேழரை, பதினெட்டு என்று ஏறியது. பதினெட்டே முக்காலுக்கு வந்து நின்றது. நின்றது என்றால் அப்படியே நின்றுவிட்டது. ஆறு வாரம்.

ஸ்பிரிங் விடவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நிற்கிற பயிற்சியை வீட்டு முன்னறையில் இருக்கிற கடையிலேயே செய்வாள். கடிகாரமெல்லாம் பார்ப்பதில்லை. டைலர் பேண்ட் காலின் பக்கத் தையலை இடுப்பிலிருந்து அடிவரைக்கும் ஓட்டி முடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. முன்பு பேண்டின் ஒரு கால், இப்போது இரண்டு காலும். நெற்றி வேர்த்து, உதடு நடுங்கும். ஆனாலும் பதினெட்டே முக்கால்.

வாலிபால் அணியின் கேப்டன், பார்சல் கவுண்டரில் இருப்பவள், போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை லிஸ்ட் குடுக்கணும்டி. போட்டிக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. உன் பேரை எழுதவா, வேணாமா? புதுசா ஒரு பொண்ணு வந்திருக்கா, உன் இடத்துல நல்லாத்தான் ஆடறா. ஆனா நீ வர்றேன்னா நீதான்."

இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான் என்பது இருவருக்கும் தெரியும். முப்பத்தேழு வயசில் யாரும் இடம் வைத்துக்கொண்டு காத்திருக்கமாட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் டேப் பதினெட்டே முக்கால் என்றது. ஸ்பிரிங் தன் காலைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல இது தேறாதுங்க. வெள்ளிக்கிழமை காலைல வேணாம்னு சொல்லிடறேன்."

டைலர் உச்சுக் கொட்டினார். உள்ளுக்குள்ளே வேறொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு நிம்மதியாக இருந்தது. இனிமேல் அந்த மூன்றாவது படியில் உட்கார வேண்டாம், அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை வாட்ச்மேன் ஒருவர் பேண்ட் தைக்க வந்தார். போன தடவை வேறு கடையில் தைத்ததில் உட்கார முடியவில்லையாம். "டைலர், டேப்பை இறுக்கிப் பிடிச்சுடாதீங்க. ரெண்டு விரல் போகணும்."

டைலருக்குச் சுருக்கென்றது. "யார்கிட்ட வந்து சொல்றீங்க? இருபது வருஷமா ரெண்டு விரலை உள்ள விடாம நான் ஒருத்தரையும் அளந்தது கிடையாது. நோட்டுல இருக்கற ஒவ்வொரு அளவும்..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. டேப் வாட்ச்மேன் தொடையைச் சுற்றி இருந்தது. டேப்புக்குள்ளே, கேட்காமலே போய் உட்கார்ந்திருந்தன ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

வாட்ச்மேன் போனதும் நோட்டைப் புரட்டினார். மனைவியின் பக்கம். நடுத்தொடை, இருபது. அவர் கையெழுத்துதான், அவர் அளவுதான். அதற்குள்ளே இரண்டு விரல் இருக்கிறது. விரலை எடுத்தால் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட அவருக்குக் காகிதம் தேவையில்லை. ஆறு வாரமாக அவள் தன் காலைத் துரத்தவில்லை, இவருடைய விரலைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தார். அவள் வேலையிலிருந்து வந்ததும், சாப்பிடட்டும் என்று இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அவர் வாய்க்குப் பூட்டு விழுந்துவிட்டது. இவ்வளவு நல்ல மனுஷன் இப்படிச் செய்வாரா என்றால், செய்வார். பயம் வந்தால் நல்ல மனுஷனும் கல்லுளிமங்கன்தான். சொல்லாமல் இருந்தால் தானாகவே எல்லாம் முடிந்துவிடும். பொய் சொல்ல வேண்டியதில்லை, வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

புதன்கிழமை அவள் வழக்கம்போல் சுவரில் சாய்ந்து நின்றாள். பார்க்கப் பொறுக்காமல் டைலர் மெஷினை விரட்டினார். பக்கத் தையல் பறந்தது.

"என்னங்க, அதுக்குள்ள முடிஞ்சுதா? ஏமாத்தாதீங்க. இன்னொரு கால் தைங்க."

"விட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டியே, அப்புறம் எதுக்கு இது?"

"விளையாடலன்னா என்ன, இந்தக் காலோடதானே இருக்கணும்?"

டைலர் இன்னொரு காலைத் தைத்தார். கோணல்மாணலாக வந்தது, பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை காலை அவள் அணிச் சட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். முதுகில் ஏழாம் நம்பர். துவைத்து மடித்திருந்தாள்.

"அந்தப் புதுப் பொண்ணு என்னைவிட ஒல்லி. ரெண்டு பக்கமும் பிடிச்சுக் குடுங்க, நாளைக்குப் போகும்போது எடுத்துட்டுப் போறேன்."

"புதுசு தைக்க மாட்டாங்களா?"

"ஏழாம் நம்பரை நானே குடுத்தா அவளுக்கும் சங்கடமா இருக்காது." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் ஓடியது.

டைலர் பிளேடை எடுத்து இடது பக்கத் தையலைப் பிரித்தார். அவரே போட்ட தையல். அக்குளுக்குக் கீழே அரை இன்ச் துணி கூடுதலாகத் தளர்ந்திருந்தது, அவள் கையைத் தூக்கும்போது இழுக்கக்கூடாது என்று அவரே விட்டது. அதற்கு மேல் பிளேடு நகரவில்லை. ஒரு பக்கம் பிரிந்த சட்டையை மடியில் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார், அவள் போன பிறகும் உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒத்துக்கொண்ட வேலையை அவர் முடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஸ்பிரிங் போனைக் கையில் எடுத்தாள்.

"இரு" என்றார் டைலர். டேப்பைக் கழுத்திலிருந்து உருவி அவளிடம் நீட்டினார். "நீயே அள. ரெண்டு காலையும். ஒட்டிப் பிடி."

அவள் ஒன்றும் புரியாமல் வலது தொடையை அளந்தாள். பதினெட்டே முக்கால். இடது தொடையைச் சுற்றினாள். பார்த்தாள். அவிழ்த்து மறுபடி சுற்றினாள். பத்தொன்பது.

"கால் இன்ச்தான் வித்தியாசம்" என்றார் டைலர், தரையைப் பார்த்துக்கொண்டு. "நோட்டுல இருக்கறது துணிக்கு எடுத்த அளவு. ரெண்டு விரல் விட்டு எடுத்தது. நான் முட்டாள். அந்த இடது காலை ஒரு தடவை அளந்திருக்கலாம்."

அவள் அந்த டேப்பை விடவில்லை. "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

"செவ்வாக்கிழமை."

"செவ்வாக்கிழமை" என்று திருப்பிச் சொன்னாள். "சட்டையைப் பிடிச்சுக் குடுங்கன்னு சொன்னேனே, அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"ஏன்?"

"பயம். நீ இனிமே குதிச்சு இறங்கறதைப் பாக்கற தைரியம் எனக்கு இல்ல. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு." "நீ விட்டுடறேன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அதுதான் நிஜம்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் கீழே குனிந்து வலது முட்டியை, அந்த நீளத் தழும்பை, உள்ளங்கையால் தேய்த்துவிட்டாள்.

"ஆறு வாரமா இதைத் திட்டாத திட்டில்ல. சோம்பேறி, துரோகி, என்னென்னவோ சொன்னேன். பாவம், இது எப்பவோ முடிச்சிருக்கு." பிறகு நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நீங்க தப்பா அளந்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல. மூணு நாள் பேசாம இருந்தீங்க பாருங்க, அது ஆற கொஞ்ச நாள் ஆகும். ஆறட்டும்."

கேப்டனுக்குப் போன் போட்டு, "எழுதிக்கோ" என்று ஒரு வார்த்தை சொன்னாள்.

திங்கட்கிழமை பிசியோ அம்மா இரண்டு தொடையையும் அளந்தார், முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். தரையில் ஒரு கோடு போட்டு, வலது காலில் மட்டும் குதிக்கச் சொன்னார். டைலர் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தார்.

"எங்க போறீங்க? இங்கயே நில்லுங்க" என்றாள் ஸ்பிரிங், திரும்பாமலே. "கண்ணை மூடக் கூடாது."

அவர் நின்றார். அவள் எழும்பினாள். ஷூ தரையில் பட்டது, 'தொப்'. வேறு சத்தம் எதுவும் இல்லை. பிசியோ அம்மா இன்னொரு தடவை என்றார். தொப். இன்னொரு தடவை. தொப். பத்து தடவை குதித்தாள், பத்தையும் அவர் எண்ணினார். பயம் போயிற்றா என்றால் போகவில்லை, ஆனால் அவர் அசையாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் பிரிந்த சட்டையை மெஷினில் வைத்தார். நூலைக் கோத்துவிட்டு, பழக்கதோஷத்தில் நோட்டைத் திறக்கக் கையை நீட்டினார். ஸ்பிரிங் வந்து அவர் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னை அளந்துட்டுத் தைங்க."

டைலர் எழுந்து அவள் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டார். விரல் இரண்டும் கேட்காமலே உள்ளே போயின. சட்டென்று வெளியே இழுத்தார்.

"உள்ளயே இருக்கட்டும்" என்றாள். "சட்டைக்கு வேணும்."